ஆனர்ஸ் ஆய்வேட்டுக்கு நெறியாளராக இருப்பது எப்படி: தலைப்பு முதல் ஒப்படைப்பு வரை

இதை மாணவர்களுக்காக எழுதவில்லை. இளநிலை ஆனர்ஸ் ஆய்வேட்டுக்கு முதன்முதலாக நெறியாளர் பொறுப்பை ஏற்கும் ஆசிரியர்களுக்காகவும், பேராசிரியரின் சார்பில் மாணவரை வாராவாரம் கவனித்துக்கொள்ளும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்காகவும் எழுதுகிறேன். கால அளவு இரண்டு பருவங்கள், சுமார் 30 வாரங்கள் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் துறையில் ஒரே பருவம்தான் என்றால் வார எண்களைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். படிகளின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

நான் பார்த்தவரை, தடுமாறிய ஆய்வேடுகளில் பெரும்பாலானவை திறமைக் குறைவால் தடுமாறவில்லை. கேள்வி தெளியுமுன் தரவு திரட்டப் போனார்கள், அனுமதி கிடைக்குமுன் நேர்காணலுக்கு நாள் குறித்தார்கள், எழுதுவதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளினார்கள். முன்னால் செய்யவேண்டியது பின்னால் போனதுதான் சிக்கல். அதைக் கவனித்து நிறுத்தவேண்டியவர் நெறியாளர். நான் பலமுறை கவனிக்கத் தவறியிருக்கிறேன்.

1. ஒப்புக்கொள்ளும் முன்

முதலில் துறையின் விதிமுறைத் தாளை எடுத்து முழுக்கப் படியுங்கள். பக்க வரம்பு, மேற்கோள் முறை, ஒப்படைப்பு நாள், இரண்டாம் வாசகர் யார், வாய்மொழித் தேர்வு உண்டா, தலைப்பை மாற்றக் கடைசி நாள் எது, இடையில் விலக வழி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். மாணவர் படித்திருப்பார் என்று நீங்களும், நீங்கள் சொல்வீர்கள் என்று மாணவரும் நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் மாணவரிடம் அவர் ஏற்கெனவே எழுதிய பருவக் கட்டுரை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண் பட்டியலைவிட அது அதிகம் சொல்லும். ஒரு வாதத்தை நான்கு பக்கம் தாங்கிக்கொண்டு போகத் தெரிந்தவரா, சான்றையும் கருத்தையும் பிரித்துப் பார்க்கிறாரா என்பது தெரிந்தால்தான் எழுத்துக்கு எத்தனை வாரம் ஒதுக்குவது என்று கணக்குப் போட முடியும்.

ஏன் ஆய்வேடு எழுத நினைக்கிறார் என்றும் கேளுங்கள். மேற்படிப்புக்குப் போகிறேன் என்பார் ஒருவர். எல்லாரும் செய்கிறார்கள் என்பார் இன்னொருவர். இரண்டுமே ஒப்புக்கொள்ளக்கூடிய காரணங்கள்தான். முதலாமவருக்கு முறையியலில் கூடுதல் அழுத்தம் தரலாம். இரண்டாமவருக்குச் சிறிய, கட்டாயம் முடியக்கூடிய கேள்வி வேண்டும்.

தலைப்பு உங்கள் துறையிலிருந்து வெகுதூரம் என்றால் மறுத்துவிடுங்கள். அந்தப் பகுதியின் முக்கியமான நூல் ஒன்று விடுபட்டிருந்தால் உங்களுக்கே தெரியாது. அது தெரியவரும் இடம் தேர்வாளரின் கேள்வியாக இருக்கும். எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஆண்டில் மூன்று பேருக்கு மேல் நான் ஏற்பதில்லை. ஐந்து பேரை ஏற்ற ஆண்டில் யாருடைய வரைவு எது என்றே குழம்பினேன்.

2. முதல் சந்திப்பில் ஒரு பக்க உடன்பாடு

வாய்ப்பேச்சு போதாது, எழுதிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை 40 நிமிடம் சந்திப்பு. அதற்கு 48 மணி நேரம் முன்பாக ஏதேனும் ஒரு பக்கம் அனுப்பவேண்டும். பெரிய வரைவுக்கு நீங்கள் 7 நாளில் பதில் தருவீர்கள். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும், பேசி முடிவானதை ஐந்து வரியில் மாணவர் மின்னஞ்சலில் எழுதி அனுப்பவேண்டும்.

அந்த ஐந்து வரி மிக முக்கியம். நீங்கள் "இந்தப் பகுதியைக் கொஞ்சம் யோசி" என்றதை மாணவர் "இதை நீக்கிவிடு" என்று கேட்டிருப்பார். மறுநாளே தெரிந்துவிட்டால் ஒரு வாரம் வீணாகாது.

உடன்பாட்டில் இன்னொரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வெறுங்கையோடு வந்தாலும் வரலாம். ஆசிரியர் முன் ஒன்றும் செய்யாமல் போய் நிற்பது பெருங்குற்றம் என்று நினைப்பவர்கள் இளநிலை மாணவர்கள். என் முதல் மாணவர் ஐந்து வாரம் கண்ணில் படவே இல்லை. நடைபாதையில் பார்த்தபோது "நல்லாப் போயிட்டிருக்கு சார்" என்றார், நானும் நம்பினேன். உண்மையில் இரண்டாம் வாரமே புள்ளியியல் மென்பொருளில் ஒரு பிழைச் செய்தி வந்து அப்படியே நின்றிருக்கிறார். பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கவேண்டிய விஷயம்.

3. தலைப்பைக் கேள்வியாகச் சுருக்குதல்

எல்லாப் படிகளிலும் அதிகப் பொறுமை வேண்டியது இதற்குத்தான். நான்கு வாரம் ஒதுக்குங்கள். இங்கே அவசரப்பட்டால் அதன் வட்டியை மீதி 26 வாரமும் கட்டவேண்டியிருக்கும்.

மாணவர் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு பரப்பாக இருக்கும். "சமூக ஊடகமும் மனநலமும்" என்பார். அதை நிராகரிக்காதீர்கள், கேள்விகளால் வெட்டுங்கள். யாருடைய மனநலம்? மனநலத்தில் எதை அளக்கப்போகிறாய்: தூக்கமா, பதற்றமா, தனிமையா? எதோடு ஒப்பிட்டு? அந்தத் தரவு எங்கே இருக்கிறது, உனக்குக் கொடுப்பார்களா? இரண்டு சந்திப்பில் அது "இரவில் படுக்கையில் கைப்பேசி பார்க்கும் முதலாண்டு மாணவர்கள் தூங்கச் செல்லும் நேரம், பார்க்காத இரவுகளில் மாறுகிறதா?" என்ற அளவுக்கு இறங்கிவரும். இது ஆய்வேட்டுக்குப் போதுமான அளவு.

இலக்கிய மாணவருக்கும் இதே வெட்டுதான். "நாவல்களில் தாய்மை" ஒரு வாழ்நாள் வேலை. ஒரே எழுத்தாளரின் இரண்டு நாவல்களில், தாய் நேரடியாகப் பேசாமல் பிறர் வாய்மொழியாகவே வரும் இடங்களில் கதைசொல்லி என்ன செய்கிறார் என்பது 50 பக்கத்தில் முடியும்.

சுருங்கிய கேள்வியை மூன்று சோதனைக்கு உட்படுத்துவேன். விடை எப்படி இருக்கும் என்று ஒரு வாக்கியத்தில் கற்பனையாகச் சொல்ல முடிகிறதா? அதற்கு நேர்மாறான விடையும் வரச் சாத்தியம் உண்டா? கையில் இருக்கும் நாட்களுக்குள் அந்தச் சான்றைத் திரட்ட முடியுமா? இரண்டாவதில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். "கல்வி முக்கியமா?" என்பதற்கு நேர்மாறான விடையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அப்படியானால் அது கேள்வியே இல்லை.

எண்ணிக்கை சார்ந்த ஆய்வு என்றால், கேள்வி முடிவாகும் முன்பே மாதிரி அளவைக் கணக்கிடுங்கள். இரண்டு தனிக் குழுக்களின் சராசரியை ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். நடுத்தர அளவு வேறுபாடு, அதாவது திட்ட விலக்கத்தில் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) பாதி இருந்தால், அதை 5 சதவீதப் பொருண்மை மட்டத்தில் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டாதபடி) 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் தேவை, மொத்தம் 128 பேர். மாணவரின் மனக்கணக்கு வழக்கமாகக் குழுவுக்கு 20 பேராக இருக்கும். இதை 18ஆம் வாரத்தில் சொன்னால் அழுகை வரும், 3ஆம் வாரத்தில் சொன்னால் வேறு வழி பிறக்கும். ஒரே ஆட்களை இரண்டு நிலைகளிலும் அளந்தால் தேவையான எண்ணிக்கை பெரும்பாலும் வெகுவாகக் குறையும். மேலே சொன்ன தூக்கக் கேள்வி அந்த வடிவத்தில் இருப்பது அதனால்தான். ஏற்கெனவே திரட்டப்பட்ட பொதுத் தரவை எடுக்கலாம். இல்லையென்றால் எண்ணை விட்டுவிட்டு எட்டுப் பத்துப் பேரிடம் ஆழமாகப் பேசலாம்.

புதிய நெறியாளர் இங்கே செய்யும் பெரிய தவறு, பொறுமையிழந்து கேள்வியைத் தானே எழுதிக் கொடுத்துவிடுவது. அன்று எல்லாருக்கும் நிம்மதியாக இருக்கும். வாய்மொழித் தேர்வில் "ஏன் இந்தக் கேள்வி?" என்று கேட்கும்போது மாணவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். நான் பத்துக் கேள்விகள் எழுதிவரச் சொல்வேன், அடுத்த சந்திப்பில் அவற்றில் ஏழு கேள்விகளை அவரையே அடித்துவிடச் சொல்வேன். எதை ஏன் அடித்தார் என்று பேசும்போதுதான் அவருக்கு எதில் உண்மையான ஆர்வம் என்பது வெளிப்படுகிறது.

"இதில் புதுமை இல்லையே" என்ற பயமும் இந்தக் கட்டத்தில்தான் வரும். வேறொரு குழுவிடம் அதே ஆய்வைத் திரும்பச் செய்வதும், தெரிந்த அணுகுமுறையைத் தெரியாத பனுவலில் பொருத்திப் பார்ப்பதும் ஆனர்ஸ் அளவுக்குப் போதுமான புதுமை என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். உள்ளுக்குள் இந்தப் பயத்தோடு இருப்பவர் கேள்வியை மறுபடி ஊதிப் பெரிதாக்கிவிடுவார்.

4. வாசிப்புக்கு ஒரு முடிவு நாள்

வாசிப்பு 2ஆம் வாரம் தொடங்கலாம், கேள்வி சுருங்கச் சுருங்க அதுவும் சுருங்கும். 8ஆம் வாரத்தோடு பெருவாசிப்பு முடிகிறது என்று நாள்காட்டியில் எழுதிவிடுங்கள். முடிவு நாள் இல்லாத வாசிப்பு, எழுதாமலிருக்க மிக மரியாதையான சாக்கு.

தேடுபொறியில் ஒரு சொல்லைப் போட்டு வரும் ஆயிரக்கணக்கான முடிவுகளோடு மாணவரைத் தனியே விட்டுவிடாதீர்கள். நல்ல கட்டுரைகள் மூன்றை நீங்களே கொடுங்கள். அவற்றின் மேற்கோள் பட்டியல் வழியாகப் பின்னோக்கிப் போகலாம். கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் வழியாக முன்னோக்கி வரலாம். ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கினால் வலை போதுமான அளவு விரிந்துவிட்டது என்று பொருள்.

எப்படி வாசிப்பது என்பதையும் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். சுருக்கம், துணைத்தலைப்புகள், படங்கள், முடிவுரை: இவ்வளவுக்கும் பத்து நிமிடம். அதன்பிறகும் தேவை என்று தோன்றுவதை மட்டும் முழுதாக வாசிக்கலாம். வரிவரியாகப் படிக்கவேண்டியவை எட்டோ பத்தோதான் இருக்கும். பாடநூலைப் படித்தே பழகியவர்கள் முதல் வரியிலிருந்து அடிக்கோடிட்டு, மூன்றாம் பக்கத்தில் களைத்துப்போகிறார்கள்.

ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் ஒரு வரி: கேள்வி, தரவு, முறை, விடை, எனக்கு இது எதற்கு. கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அந்தக் கட்டுரை ஆய்வேட்டுக்குள் வரக்கூடாது. இந்த அட்டவணையை ஆண்டு வரிசையில் அடுக்காமல் விடைகளின்படி அடுக்கச் சொல்லுங்கள். "அவர் இப்படிச் சொன்னார், இவர் இப்படிச் சொன்னார்" என்ற முன்னாய்வுத் தொகுப்புக்கு அதுதான் மருந்து. யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள் என்பது அட்டவணையிலேயே தெரிந்துவிட்டால் பத்திகள் தாமாகப் பிரியும்.

சோட்டெரோ போன்ற மேற்கோள் மென்பொருளை முதல் நாளே நிறுவச் சொல்லுங்கள். அதோடு ஒரு கண்டிப்பான விதி: திறந்து பார்க்காத எதுவும் பட்டியலில் ஏறக்கூடாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத கட்டுரைக்கும் நம்பும்படியான தலைப்பும் ஆண்டும் பக்க எண்ணும் கொடுத்துவிடும். இந்த விதி இருந்தால் கருவியைப் பயன்படுத்தினாரா இல்லையா என்று நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை.

5. நெறிமுறை அனுமதி

மனிதர்களிடம் தகவல் பெறும் எந்த ஆய்வுக்கும், நண்பர்களிடம் நடத்தும் சிறு கருத்தாய்வாக இருந்தாலும், நெறிமுறைக் குழுவின் பார்வை தேவையா என்று முதலில் கேட்டு உறுதிசெய்யுங்கள். அனுமதி பின்தேதியிட்டு வராது. முன்பே திரட்டிய தரவைப் பின்னால் சேர்க்க முடியாமல் போகும்.

விண்ணப்பத்தோடு வினாநிரலையும் ஒப்புதல் படிவத்தையும் இணைக்கவேண்டும். ஆகவே கேள்வி முடிவாகாமல் வினாநிரல் இல்லை, வினாநிரல் இல்லாமல் விண்ணப்பம் இல்லை. 6ஆம் வாரத்துக்குள் அனுப்பிவிட்டால் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டாலும் தாங்கும். திருப்பி அனுப்பப்படும் காரணங்கள் பெரும்பாலும் இவைதான்: ஒப்புதல் படிவத்தின் மொழி பங்கேற்பவருக்குப் புரியாத அளவுக்குக் கடினம், தரவு எங்கே எத்தனை நாள் இருக்கும் என்று சொல்லவில்லை, பங்கேற்காமல் விலகும் உரிமையைக் குறிப்பிடவில்லை.

நீங்கள் மதிப்பெண் போடும் வகுப்பிலிருந்தே பங்கேற்பாளர்களைச் சேர்க்கும் யோசனை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மறுக்கமுடியாத இடத்தில் இருப்பவர் தரும் சம்மதத்துக்கு மதிப்பில்லை.

6. நாள்காட்டியைக் கடைசியிலிருந்து எழுதுதல்

ஆய்வேடு எழுதும் மாணவர்களின் காலக்கணிப்பைப் பற்றியே ஓர் ஆய்வு உண்டு. உளவியல் ஆனர்ஸ் மாணவர்கள் 37 பேரிடம், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். 1994இல் வெளியான முடிவு இது: சராசரிக் கணிப்பு 33.9 நாள், உண்மையில் ஆனது 55.5 நாள். இதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறோர் எண். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்கான சராசரி விடை 48.6. மிக மோசமான கணிப்பைவிடவும் ஒரு வாரம் கூடுதலாகவே ஆகியிருக்கிறது.

எனவே "எப்போது முடிப்பாய்?" என்று கேட்டு நாள்காட்டி போடாதீர்கள். 30ஆம் வாரம் ஒப்படைப்பு என்றால் 28இல் வடிவமைப்பு முடியவேண்டும். 24இல் முழு வரைவு, 18இல் தரவு திரட்டல் நிறுத்தம், 10இல் முன்னோட்டம். மாணவரின் மற்றப் பாடத் தேர்வுகளையும் விடுமுறைகளையும் அதே தாளில் குறியுங்கள். உங்கள் பயணங்களையும்தான்.

கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கு மணிக்கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். 12 நேர்காணல் என்றால் 48 முதல் 72 மணி நேரம். தானியங்கிக் கருவி பாரத்தைக் குறைக்கும். ஆனாலும் பதிவைத் திரும்பக் கேட்டுச் சரிபார்க்கும் வேலை மிஞ்சும்.

கடைசியாக, 10ஆம் வாரத்தில் ஒரு "குறைந்தபட்ச ஆய்வேடு" எது என்று முடிவுசெய்து எழுதிவையுங்கள். இரண்டு நாவலில் ஒன்று மட்டும், மூன்று பரிசோதனையில் ஒன்று மட்டும் என்றாலும் தன்னளவில் முழுமையாக நிற்கக்கூடிய வடிவம். பதற்றம் இல்லாத நேரத்தில் எடுத்த இந்த முடிவு, பதற்றமான நேரத்தில் உதவும்.

7. முழு ஓட்டத்துக்கும் ஒரு முன்னோட்டம்

முன்னோட்டம் என்றால் வினாநிரலை ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்ப்பது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த ஐந்து பேரின் விடைகளை உள்ளிட்டு, பகுப்பாய்வு செய்து, அட்டவணை வரை கொண்டுபோனால்தான் அது முன்னோட்டம். எதைப் பதிவுசெய்ய மறந்தோம் என்பது கடைசி அட்டவணையை நிரப்பும்போதுதான் தெரிகிறது. ஆவணங்களையோ பனுவலையோ வைத்துச் செய்யும் ஆய்வில், ஒரே ஒரு பகுதியை எடுத்து இரண்டு பக்கம் எழுதிப் பார்ப்பது இதற்கு ஈடு.

முழுத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே பகுப்பாய்வுத் திட்டத்தைத் தேதியிட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். வந்த முடிவைப் பார்த்துவிட்டு, முதலிலிருந்தே இதைத்தான் எதிர்பார்த்தேன் என்று கருதுகோளைத் திருத்துவது ஏமாற்றும் எண்ணம் இல்லாமலேயே நடந்துவிடும். தேதியிட்ட தாள் இருந்தால் நடக்காது.

மூலத் தரவுக் கோப்பைப் பூட்டிவைத்து, நகலில் மட்டும் வேலை செய்யவேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறோர் இடத்தில். கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி வந்தால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். "இறுதி", "இறுதி2", "உண்மையான இறுதி" என்று மூன்று கோப்புகள் இருந்த மடிக்கணினியில் எது இறுதி என்று தேடி ஒரு மாலை முழுக்கப் போயிருக்கிறது எனக்கு.

8. எழுத்து: முறையியலில் தொடங்கிச் சுருக்கத்தில் முடித்தல்

அறிமுகத்திலிருந்து தொடங்கவிடாதீர்கள். என்ன கண்டுபிடித்தோம் என்பது தெரியாமல் வாசகரை எதற்குத் தயார்செய்வது? அந்த அறிமுகத்தை எப்படியும் திரும்ப எழுதவேண்டிவரும். முறையியல்தான் எளிது, செய்ததைச் செய்தபடி சொன்னால் போதும். தரவு திரட்டிக்கொண்டிருக்கும்போதே எழுதினால் விவரங்களும் மறக்காது. அடுத்து முடிவுகள், அட்டவணைகளையும் படங்களையும் முதலில் அடுக்கி அவற்றைச் சுற்றி எழுதவேண்டும். பிறகு முன்னாய்வுத் தொகுப்பு, விவாதம், அறிமுகம், கடைசியாகச் சுருக்கம். மனிதவியல் ஆய்வேட்டில் மிகத் தெளிவான ஒரு பகுப்பாய்வு இயலை முதலில் எழுதவைக்கலாம், அது நடுவில் வரும் இயலாக இருந்தாலும்.

வாரம் 300 சொல் என்ற கணக்கு 3ஆம் வாரத்திலிருந்தே ஓடட்டும். மோசமாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொன்னால் மட்டும் போதாது. நீங்கள் முதன்முதலில் எழுதிய வரைவு ஒன்றைக் காட்டுங்கள். அச்சான எழுத்தை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களுக்கு வரைவு எப்படி இருக்கும் என்பது உண்மையாகவே தெரியாது.

ஓர் இயல் முடிந்ததும், ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது சொல்வதை ஒரு வரியில் எழுதிவரச் சொல்லுங்கள். அந்த வரிகளை மட்டும் தொடர்ந்து வாசித்தால் வாதம் எங்கே உடைகிறது என்பது மாணவர் கண்ணுக்கே பட்டுவிடும்.

9. திருத்தம் சொல்லும் முறை

திருத்தத்திலும் வரிசை உண்டு. முதல் வரைவில் வாதம் மட்டும். இரண்டாவதில் இயல் அமைப்பு. மூன்றாவதில் பத்தி. வாக்கியமும் எழுத்துப்பிழையும் கடைசியில்தான்.

ஒருமுறை ஒரு வரைவைச் சிவப்பு மையால் நிரப்பிக் கொடுத்தேன். ஒற்றுப்பிழை, காற்புள்ளி, சொல்தேர்வு என்று எதையும் விடவில்லை. நடுவில் எங்கோ "உன் முடிவும் 4ஆம் அட்டவணையும் ஒத்துப்போகவில்லை" என்றும் எழுதியிருந்தேன். திரும்பி வந்த வரைவில் காற்புள்ளிகள் எல்லாம் சரியாக இருந்தன, முடிவும் அட்டவணையும் முன்போலவே முறைத்துக்கொண்டிருந்தன. மாணவரைக் குறை சொல்ல முடியாது. நூறு குறிப்புகள் இருந்தால் எளிதானதிலிருந்துதான் யாரும் தொடங்குவார்கள். நீக்கப்போகும் பத்தியின் இலக்கணத்தைத் திருத்திய நேரம் என்னுடையதும் வீண்தான்.

இப்போது ஒரு வரைவுக்கு மூன்று பெரிய குறிப்புகள்தான், அதுவும் முதல் பக்கத்தின் மேலேயே. மொழி நடை பிரச்சினை என்றால் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் முழுதாகத் திருத்திக் காட்டி, மற்றப் பக்கங்களை அதேபோல் அவரையே திருத்தச் சொல்கிறேன். வாக்கியத்தை நீங்களே மாற்றி எழுதும் ஆசை வரும், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். "இங்கே எனக்குப் புரியவில்லை, நீ சொல்லவந்தது இதுவா அதுவா?" என்று கேட்டால் அவர் வாயால் சொல்லும் வாக்கியம் எழுதியதைவிடத் தெளிவாக இருக்கும். "இப்போது சொன்னதை அப்படியே எழுது" என்று சொல்லிவிடலாம்.

நன்றாக வந்த இடத்தையும் குறியுங்கள். ஆறுதலுக்காக மட்டும் சொல்லவில்லை. எது சரியாக வந்தது என்று தெரியாதவர், திருத்தும்போது அதையும் சேர்த்துக் கெடுத்துவிடுவார்.

10. நடுவில் வரும் தொய்வு

14 முதல் 18ஆம் வாரம் வரை தொய்வு வரும். மற்றத் தேர்வுகள், பரிசோதனை ஓடாதது, பங்கேற்பாளர் கிடைக்காதது என்று எல்லாம் ஒன்றுசேரும் நேரம். இரண்டு சந்திப்பு தவறினால் மூன்றாவதற்குக் காத்திருக்காதீர்கள். கண்டிக்காமல், மிகச் சிறிய வேலையோடு ஒரு செய்தி அனுப்புங்கள்: "வியாழக்கிழமை வா, முறையியலில் மாதிரி பற்றிய ஒரே ஒரு பத்தியை இங்கேயே உட்கார்ந்து எழுதுவோம்." "எப்படிப் போகிறது?" என்ற செய்திக்குப் பதில் வராது.

காரணம் உடல்நலமோ மனநலமோ என்று தெரிந்தால், கேட்டுக்கொள்ளுங்கள், ஆலோசனை மையத்துக்கு வழிகாட்டுங்கள், கால நீட்டிப்புக்கான விதியைத் தேடிக் கொடுங்கள். சிகிச்சை தருபவர் வேடம் வேண்டாம்.

"எதிர்பார்த்த முடிவு வரவில்லை" என்று வந்து நிற்பவரும் உண்டு. ஆய்வு நேர்மையாக நடந்திருந்தால் அது தோல்வியில்லை, அதையும் எழுதலாம். ஆனால் எழுதும்போது ஒரு தவறு நேரும். வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை என்பதை "வேறுபாடே இல்லை" என்று எழுதிவிடுவார்கள். சிறிய மாதிரியில் இரண்டும் ஒன்றல்ல என்பதை உட்கார்ந்து விளக்குங்கள்.

18ஆம் வாரம் நேருக்கு நேர் கேட்கவேண்டிய கேள்வி: முழு வடிவமா, குறைந்தபட்ச வடிவமா, விலகலா? விலகும் வாய்ப்பு தாளில் இருக்கும்போதே அதைச் சொல்வது நியாயம். கடைசி நாள் கடந்தபின் சொன்னால் அது வெறும் பழி.

11. கடைசி ஆறு வாரம்

முழு வரைவு வந்ததும் துறைக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்களும் மாணவரும் இத்தனை மாதமாக ஒரே அறைக்குள் இருந்தவர்கள், சொல்லாமல் விட்டது இருவர் கண்ணிலும் படாது.

எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் தரும் ஒப்புமை அறிக்கையில் வரும் சதவீதம், திருட்டின் அளவு இல்லை. முறையாக மேற்கோளிட்ட வரிகளும் நூற்பட்டியலும்கூட எண்ணை ஏற்றும். எண் குறைவாக இருந்தும் ஒரு பத்தி முழுக்க இன்னொருவருடையதாக இருக்கலாம். நிறமிட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

உரைக்குள் வரும் ஒவ்வொரு மேற்கோளும் பட்டியலில் உண்டா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உரைக்குள் வருகிறதா என்று இருபக்கமும் சரிபார்க்கவேண்டும். பிடிஎஃப் ஆக்கியபின் வேறொரு கணினியில் திறந்து பார்க்கவேண்டும். தமிழ் எழுத்துருவும் சமன்பாடுகளும் காலை வாரும் இடம் அதுதான். ஒப்படைப்பைக் கடைசி நாளுக்கு முந்தைய நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

12. வாய்மொழித் தேர்வு ஒத்திகை

ஒரு வாரம் முன்னதாக, ஆய்வேட்டைப் படிக்காத இரண்டு பேரை உட்காரவைத்து ஒத்திகை நடத்துங்கள். ஏன் இந்த முறை? இந்த முடிவுக்கு வேறு விளக்கம் இருக்க முடியாதா? மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்? பெரும்பாலான கேள்விகள் இந்த மூன்றின் உறவினர்களாகத்தான் இருக்கும்.

"தெரியவில்லை" என்று சொல்லவும் பழக்குங்கள்: "அதை நான் பார்க்கவில்லை, பார்க்கவேண்டுமென்றால் இப்படித் தொடங்குவேன்." தேர்வு நாளில் உங்கள் வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது. மாணவர் திணறும்போது இடையில் புகுந்து நீங்கள் பதில் சொன்னால், அது அவருக்குத் தெரியாது என்று நீங்களே சான்றிதழ் கொடுத்ததாகிவிடும்.

13. ஒப்படைத்த பிறகு

அடுத்த இரண்டு வாரத்துக்குள் மூன்று வேலைகள் உண்டு. தரவு, நிரல், குறிப்புகள் அடங்கிய கோப்புறையை, எது எங்கே என்று விளக்கும் ஒரு பக்கத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். நெறிமுறை விண்ணப்பத்தில் அழிப்பதாகச் சொன்ன ஒலிப்பதிவுகளைச் சொன்ன நாளில் அழிக்கவேண்டும், நாள்காட்டியில் குறியுங்கள். கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால் யார் முதல் ஆசிரியர், யார் எப்போதுக்குள் எழுதுவார் என்பதை இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். மாணவர் படிப்பு முடிந்து போனபின் அந்தப் பேச்சு கசப்பாகிவிடும்.

பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவார், ஓராண்டு கழித்தும் வரலாம். எந்த வாரம் எதில் சிக்கினார், எப்படி வெளியே வந்தார் என்று இன்றைக்கே பத்து வரி எழுதிவைத்துவிடுங்கள். வாராவாரம் அவர் அனுப்பிய அந்த ஐந்து வரி மின்னஞ்சல்கள் அதற்குக் கைகொடுக்கும்.